நஸ்ரத்துக்கு நான் வக்கீல்

ஜைத்தூன்பீயைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், "புருஷன் பேச்சைத் தட்டாதவ" என்பார்கள். அது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன். என் பெயர் இபுராம்சா. விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் இருபத்திரண்டு வருஷமாகச் சூளை பார்க்கிறேன். அவள் புருஷன் ஷேக் மதார் என்னோடு வேலை செய்தவன். அவள் பக்கத்துக் கொட்டகையில், அச்சிலிருந்து வந்த ஈரப் பொம்மைகளைப் பஞ்சு வைத்துத் துடைத்துச் சீராக்குவாள்.

பீங்கான் மாவுத் தூசி மதாரின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. ஆறு வருஷம் வீட்டோடு கிடந்தான். அவள் உழைப்பில்தான் அடுப்பு எரிந்தது. ஆனாலும் தினமும் காலையில் வாசலில் நின்று, "போயிட்டு வரட்டுங்களா?" என்று அவனைக் கேட்காமல் அவள் தெருவில் இறங்கியதில்லை. நான் ஒருமுறை கிண்டல் செய்தேன். "அவன் வேணாம்னா வூட்லயே இருந்துடுவியா தங்கச்சி?"

"அவரு வேணாம்னு சொன்னதே இல்லியேண்ணே. அதனாலதான் கேட்குறேன்" என்றாள்.

குடும்பத்துக்கு ஆண்தான் தலைவன் என்று மார்க்கத்தில் இருக்கிறது என்போம் நாங்கள். சொல்லும்போது நெஞ்சு தானாக நிமிர்ந்துவிடும். அதோடு சேர்த்து வைத்த பொறுப்பைக் கேட்டால் மட்டும் தொண்டை கட்டிக்கொள்ளும். மதார் அப்படி இல்லை. மகள் நஸ்ரத்துக்குப் பதினெட்டு வயதில் ஒரு சம்பந்தம் வந்தது. வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு, இருமிக்கொண்டே அடுப்படிக்குப் போய் அவளையே கேட்டான். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். "எம்பொண்ணு படிக்கணும்னு சொல்லுது" என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டான். என் கண்ணுக்கு அவன்தான் தலைவன்.

போன மாசியில் அவன் மௌத்தானான். கபர்ஸ்தானிலிருந்து திரும்பியதும் அவன் அண்ணன் கவுஸ் மொய்தீன் நேராகத் தம்பி வீட்டுக்குள் போனார். மதார் சாய்ந்து கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இனிமே இந்த வூட்டுக்கு எல்லாம் நான்தான்" என்றார். யாரும் மறுக்கவில்லை. அப்பன் இல்லாத பெண்ணுக்குப் பெரியத்தாதானே பொறுப்பு? அவர் ஜமாஅத்தில் பெரிய ஆள். நான் வேலை செய்யும் சூளையும் அவருடையதுதான்.

ஜைத்தூன் இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருப்பது எங்கள் வழக்கம். அந்தக் கணக்கு முடிவதற்கு ஒன்பது நாள் முந்திய தேதியில் நிக்காஹ் குறித்தார் மனுஷன்! மாப்பிள்ளை அவர் பெண்டாட்டியின் தம்பி சிக்கந்தர். நாற்பது தாண்டியவன். முதல் பெண்டாட்டி ஒரு நாள் கையில் கட்டோடு பண்ருட்டிக்குப் பஸ் ஏறினாள், திரும்பவில்லை. ஏன் போனாள் என்று அவர் வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

"மாப்பிள்ளைக்கு லீவு முடியுது, சவூதிக்குப் போவணும். அதான் அவசரம்" என்றார் கவுஸ். தாய் மண்டபத்துக்கு வர முடியாத நாளாகப் பார்த்துக் குறித்திருக்கிறார் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். சூளையில் என் கூட்டாளி கொளஞ்சிநாதன், "பெத்தவ இல்லாமயா கல்யாணம்? என்னப்பா இது அநியாயமா இருக்குது" என்றான். நான் தீயைக் குறைப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் நஸ்ரத்தைப் பெரியத்தா வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். அன்றைக்கு ஜைத்தூன் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் வாசலில் நின்றேன், அவள் கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள்.

"அண்ணே, நீங்கதான் வக்கீலா போவணும்."

பெண்ணிடம் சம்மதம் கேட்டுவந்து சபையில் சொல்கிறவரை நாங்கள் வக்கீல் என்போம். கூட இரண்டு சாட்சிகள் போவார்கள். பெண் திரைக்குப் பின்னால் இருப்பாள். கன்னிப் பெண் வெட்கத்தில் பேசாமல் இருந்தால் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு வந்துவிடுவதும் உண்டு.

"பேசாம இருந்தா ஒத்துக்கிட்டான்னு வந்துடாதீங்க. அவ வாயால சொல்லணும். அஜ்ரத்துக்கிட்டயும் சொல்லிவைங்க. அவங்க அத்தா இருந்தா அதைத்தான் கேட்பாரு" என்றாள்.

நிக்காஹ் ஓதிவைக்கும் பள்ளிவாசல் அஜ்ரத்திடம் நான் சொன்னேன். அவர் நல்ல மனிதர். கவுஸிடமே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். "பொண்ணு வாய்விட்டுச் சம்மதிக்கணும். இல்லேன்னா நான் நிக்காஹ் ஓத மாட்டேன். பொறுப்பாளிங்கிறதால இழுத்துக்கிட்டுப் போற உரிமை யாருக்கும் இல்லீங்க." கவுஸ் சிரித்தார். அதோடு, என்னையே வக்கீலாகப் போடவும் ஒத்துக்கொண்டார். "நம்ம இபுராம்சாதானே, போவட்டும்" என்றார்.

அன்று மண்டபம் நிறையக் கூட்டம். பிரியாணி தம் போட்டாயிற்று. நானும் சாட்சிகளும் பெண்கள் பக்கம் போனோம். சாட்சிகள் இருவரும் கவுஸின் மருமகன்கள். குறுக்கே பச்சைச் சேலையைக் கட்டியிருந்தார்கள். தஃப்தரை, அதாவது நிக்காஹ் பதிவேட்டைப் பிரித்தால் பெண்ணின் கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தது. "காலையிலயே வாங்கியாச்சு" என்றான் ஒரு மருமகன்.

நான் கேட்டேன். "ஷேக் மதார் மகள் நஸ்ரத், உங்களை சிக்கந்தருக்கு நிக்காஹ் செஞ்சு குடுக்க சம்மதமாம்மா?"

ஒரு சத்தமும் இல்லை.

இரண்டாவது தடவை கேட்டேன். வளையல் சத்தம் கேட்டது, யாரோ யாரையோ அழுத்திப் பிடிப்பதுபோல் சேலை அசைந்தது. மூன்றாவது தடவை கேட்டேன்.

"சம்மதம்" என்று ஒரு குரல் வந்தது.

அது நஸ்ரத்தின் குரல் இல்லை. அத்தாவுக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுவந்து, "மாமா, அத்தா எங்க?" என்று கேட்ட நாளிலிருந்து அந்தக் குரலை எனக்குத் தெரியும். இது கவுஸின் பெண்டாட்டி குரல். தொண்டையைச் சிறிதாக்கிப் பேசினாள், அவ்வளவுதான். மருமகன்கள் இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். திரையை விலக்கச் சொல்லியிருக்கலாம். "இன்னொரு தடவை சொல்லும்மா" என்றாவது கேட்டிருக்கலாம். என் வீட்டிலும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் கல்யாணத்துக்கு ஜமாஅத் வர வேண்டும், நாளைக்குச் சூளைக் கதவு எனக்குத் திறக்க வேண்டும். சீ, இதெல்லாம் ஒரு காரணமா!

சபையில் வந்து நின்றேன். அஜ்ரத் என் கண்ணைப் பார்த்து, "வாய்விட்டுச் சொல்லுச்சா?" என்று கேட்டார்.

"சொல்லுச்சுங்க" என்றேன்.

சாப்பாட்டுக்கு நான் உட்காரவில்லை. நேராக ஜைத்தூன் வீட்டுக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. அவள் எனக்காகவே காத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டீங்களாண்ணே?"

"கேட்டேன்."

"அவளேதான் சொன்னாளா?"

வெளியே பைக் ஒன்று போனது. நான் அதைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு, "அவதான் சொன்னா" என்றேன்.

 உள்ளே அவள் பெருமூச்சு விட்டது கேட்டது.

"காலையில யாரோட போன்லயோ எங்கிட்ட பேசினாண்ணே. 'நான் வாயே தொறக்க மாட்டேம்மா. யாரு என்ன சொன்னாலும் இபுராம்சா மாமாவுக்கு என் குரல் தெரியும், அவரு வுட மாட்டாரு'ன்னா. அப்புறம் மனசு மாறிட்டா போலிருக்குது. அவளே சொன்னான்னா சரிதான். அல்ஹம்துலில்லாஹ். உக்காருங்கண்ணே, தண்ணி கொண்டாரேன்."