பெருத்தால் பிரித்துக்கொள்ள

மலையில் பல நாள் நடக்கப் போகிறேன். அதற்காக எடையே இல்லாத நைலான் துணியில் நானே முதுகுப்பை தைக்கிறேன். எடை குறையட்டும் என்று டூத் பிரஷின் காம்பையே பாதியாக வெட்டியவள் நான்.

கடைசித் தையலில் மிஷின் மக்கர் செய்தது. இன்று திண்டிவனத்தில் எனக்கு ஜாக்கெட் தைக்கும் அக்காவிடம் பையைக் கொடுத்து, தைத்துவிட்டு மிச்சத் துணியை வெட்டிவிடச் சொன்னேன்.

வெட்டவில்லை.

"உள்ள ரெண்டு இன்ச் வுட்டு வச்சிக்கிறேன். பின்னாடி பெருத்தா பிரிச்சிக்கலாம்."

"அக்கா, இது பைதானே!"

"ஜாக்கெட்டுக்கும் நீ இப்பிடித்தான் வெட்டச் சொன்ன."

வீட்டில் பை நிறையச் சாமான்களை அடுக்கி முடித்தேன். அம்மா வேர்க்கடலையை வறுத்துப் பிடித்த மல்லாட்டை உருண்டை டப்பாவோடு வந்து நின்றார்.

இப்போது தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜாக்கெட்டைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.