யோகராணி கொப்பி அடித்த கதை

யோகராணி கொப்பி அடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் மார்க்கம் ரோட்டில் அவளைத் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவள் அடித்தாள் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறார்கள். அவர்களில் ஒருவர்கூட உயிரியல் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர் இல்லை. ஊர்வாய்க்கு அதெல்லாம் எதற்கு?

யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் இரண்டு தரம் எடுத்து, இரண்டு தரமும் மருத்துவத்தை மயிரிழையில் தவறவிட்டவள் அவள். மூன்றாம் தரத்தை யுத்தம் விழுங்கிவிட்டது. தொண்ணூற்றோராம் ஆண்டு அண்ணன் இரத்தினவேல் கூப்பிட்டு, கனடாவில் வோபர்னில் இருந்த அவனுடைய அப்பார்ட்மென்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்த கையோடு ஒரு பேக்கரியில் டோனட்டுக்குள் ஜாம் ஏற்றும் வேலை கிடைத்தது. உடம்பு முழுக்கச் சீனி வாசம். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் குழந்தைகள் அவளை முகர்ந்து பார்க்கும்.

ஆனால் படிப்பு ஆசை விடவில்லை. ஒரு கொமியூனிட்டி கொலிஜில் இரண்டு வருடம் உயிரியல் படித்து நல்ல புள்ளி எடுத்தால், பல்கலைக்கழகம் நேரே இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்கள். விசாரித்தாள். உண்மைதான். ஆனால் எல்லோருக்கும் இல்லை, மிகச் சிலருக்குத்தான். அந்த மிகச் சிலரில் ஒருத்தியாகிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போய்ச் சேர்ந்தாள். இரத்தினவேலுக்குத் தலைகால் புரியவில்லை. கோவில், கலியாணவீடு, தலைமயிர் வெட்டுகிற இடம், எங்கே போனாலும் ஒரே பேச்சு. "என்ரை தங்கச்சி கம்பஸ் போகப்போறாள்" என்பான். கம்பஸ் என்றால் பல்கலைக்கழகம். கொலிஜ் என்ற சொல் மட்டும் அவன் வாயில் வராது.

அதே வகுப்பில் ராகுலனும் இருந்தான். யோகராணியின் அண்ணியுடைய அக்கா அருள்நாயகியின் மகன். ஐந்து வயதில் கனடா வந்தவன், இப்போது பத்தொன்பது. இருபத்தொன்பது வயதுக்காரியை அவன் வாய் கூசாமல் 'அன்ரி' என்றான். வகுப்பில் பாதி நேரம் நித்திரை. பரீட்சை வந்தால் மட்டும் பஸ்ஸில் அவள் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்வான். "அன்ரி, அந்த கிட்னி சாமானை ஒருக்கா சொல்லுங்கோ. ஷோர்ட்டா" என்பான். அவள் பனி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் கீறிக் கீறி விளங்கப்படுத்துவாள். அவனுக்குத் தெரிந்த வீட்டுத் தமிழில், அவனுக்குப் பிடிபடுகிற மாதிரி. மற்றவனுக்குச் சொல்லிக்கொடுப்பதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். அவன் இறங்கும் இடத்தில் நன்றிகூடச் சொல்லாமல் இறங்கிப் போவான்.

அவளுக்கு உயிரியல் தமிழில்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் தமிழில் படித்தவள். ஆங்கிலப் புத்தகத்தை வாசித்தால் நன்றாக விளங்கும். சொந்தமாக ஆங்கிலத்தில் இரண்டு வசனம் கட்டுவதற்குள் உள்ளங்கை வேர்த்துவிடும். அதற்கு அவளிடம் ஒரு மருந்து இருந்தது. பாடமாக்குவது, சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்வது. யாழ்ப்பாணத்தில் படிப்பு என்றால் அதுதானே! ரியூட்டரியில் இக்னேசியஸ் மாஸ்ரர் தந்த குறிப்பில் ஒரு சொல்லை மாற்றி எழுதினால், "நீயென்ன புதுசாக் கண்டுபிடிச்சனியோ?" என்று புள்ளியை வெட்டிவிடுவார். கொப்பி அடிப்பது என்பது வேறு. அது கண்ணால் பார்த்து எழுதுவது, மேசைக்குக் கீழே துண்டுத்தாள் வைப்பது, பக்கத்துப் பிள்ளையின் தாளை எட்டிப் பார்ப்பது. அப்படிச் செய்தவர்களை யோகராணி வாழ்நாள் முழுக்க அருவருத்தவள்.

இரண்டாம் வருடம், தொண்ணூற்று நான்காம் ஆண்டு, பங்குனி மாதம் பல்கலைக்கழகம் சம்மதம் சொன்னது. கடைசிப் புள்ளிகள் குறையாமல் வந்தால் புரட்டாதியில் வரலாம். அன்று யோகராணி குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு அழுதாள். சந்தோஷத்தில் அவள் கனடாவில் அழுதது அந்த ஒரு தடவைதான்.

கடைசிப் பெரிய வேலை ஒரு கட்டுரை. சிறுநீரகம் உடம்பின் தண்ணீரை எப்படிக் காக்கிறது என்று வீட்டில் இருந்து எழுதிக் கொண்டுவர வேண்டும். யோகராணி பாடப்புத்தகத்தின் அந்த அத்தியாயத்தை ஒரு கிழமை வைத்துப் பாடமாக்கினாள். ஜாம் ஏற்றிக்கொண்டே பாடமாக்கினாள். பிறகு புத்தகத்தைக் கொண்டுபோய் அண்ணியின் அறையில் வைத்துவிட்டு, குசினி மேசையில் உட்கார்ந்து, முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம் வரை ஒரு சொல் பிசகாமல் எழுதினாள். எழுதி முடித்தபோது அவளுக்குத் தன்னை நினைக்கவே பெருமையாக இருந்தது. வீட்டில் யாருமே இல்லாத நேரத்தில்கூட ஒருமுறை போய்ப் புத்தகத்தைப் பார்க்கவில்லை பாருங்கள். அவ்வளவு நேர்மை.

உயிரியல் படிப்பித்த வெள்ளைக்காரி இரண்டு பக்கம் வாசித்ததும் புத்தகத்தை எடுத்து ஒப்பிட்டாள். அதோடு முடிந்தது.

ராகுலனுக்கு உயர்ந்த புள்ளி. பஸ் ஜன்னலில் யோகராணி சொன்னதை அப்படியே தன் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். 'சொந்தச் சொற்களில் மிக அழகாகச் சொல்லியிருக்கிறாய்' என்று ஆசிரியை ஓரத்தில் எழுதியிருந்தாள். அவன் அதை யோகராணியிடமே காட்டிச் சிரித்தான்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் கூட்டிவரலாம் என்றார்கள். ராகுலனைத்தான் கூட்டிப்போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மூன்று பேரும் நல்லவர்கள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதினாயா என்று கேட்டபோது யோகராணி எழுந்து நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அத்தியாயத்தை ஆங்கிலத்தில் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம். படத்துக்குக் கீழே இருந்த குறிப்பைக்கூட விடவில்லை. இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? நடுவில் இருந்தவர் புத்தகத்தில் விரல் வைத்துத் தொடர்ந்து வந்தார். மூன்றாம் பக்கத்தில் போதும் என்று கை காட்டினார். அவர் முகத்தில் இருந்தது மெச்சுதல் என்றுதான் யோகராணி நினைத்தாள்.

"இதைத்தான் நாங்களும் சொல்கிறோம்," என்றார் அவர். "ஒரு வசனமும் உன்னுடையதல்ல. இது என்னவென்று உனக்கு விளங்கியிருந்தால், உன் சொற்களில் சொல். உன் மொழியிலேயே சொல். இந்தப் பையன் எங்களுக்குச் சொல்லட்டும்."

யோகராணிக்கு உயிர் வந்தது. தமிழில் சொன்னாள். சிறுநீரகத்தி, வடிகட்டல், மீள அகத்துறிஞ்சல் என்று படித்த சொற்களில், மரியாதையான இடமல்லவா என்று, பரீட்சைத் தமிழிலேயே சொன்னாள். நிறுத்தி ராகுலனைப் பார்த்தாள். அவனுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மூன்று பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் காது சிவந்தது.

"தான் செய்தது பிழையாம். சொறி சொல்லுறா. இனிச் செய்யமாட்டாவாம்," என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

அவன் ஓட்டமாகச் சொன்னதில் மற்றது விளங்காவிட்டாலும் 'சொறி' விளங்காதா? கனடாவில் இறங்கிய நாளிலிருந்து காதில் விழுகிற சொல். "நோ, நோ" என்றாள் யோகராணி. அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை. பாடமாக்காத இடம். பதறவேண்டாம் என்று அந்த மனிதர் அன்பாகச் சொன்னார். தவறை ஒத்துக்கொண்டதற்கு நன்றி என்றும் சொன்னார்.

வெளியே வந்து அவன் கையைப் பிடித்தாள். "ஏன்ரா அப்பிடிச் சொன்னனீ?"

"அன்ரி, நீங்கள் சொன்ன வேர்ட்ஸ் ஒண்டும் எனக்கு விளங்கேல்லை. அவை எல்லாரும் என்னையே பாத்துக்கொண்டு... சொறி எண்டா லேசா விட்டிடுவினம் எண்டு நினைச்சன்."

"விளங்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாமேடா!"

"எம்பரஸிங்கா இருந்தது, அன்ரி," என்றான் அவன்.

அந்தப் பாடத்துக்குப் பூச்சியம். காரணமும் அவளுடைய பெறுபேற்றில் பதியப்பட்டது. பல்கலைக்கழகம் தன் சம்மதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இரத்தினவேல் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "அடிக்கிறதெண்டா பிடிபடாமல் அடிச்சிருக்கவேணும். இனி நான் எங்கை தலைகாட்டுறது?" என்றான். அவன் பெண்சாதி கறியைச் சூடாக்கப் போனாள். அந்த இரவு யோகராணிக்கு அண்ணனை அடிக்கவேண்டும்போல இருந்தது. அடிக்கவில்லை. தட்டுகளைக் கழுவிவைத்தாள்.

ஆவணி முடிவில் ராகுலனுக்கு அதே பல்கலைக்கழகம் கிடைத்தது. அருள்நாயகி யூனியன்வில்லில் வாங்கியிருந்த புது வீட்டின் பேஸ்மென்டில் பார்ட்டி வைத்தாள். யோகராணி போகமாட்டேன் என்றாள். "வராட்டி எரிச்சலிலை வரேல்லை எண்டு சனம் கதைக்கும். வெளிக்கிடு," என்றான் இரத்தினவேல். வெளிக்கிட்டாள்.

மட்டன் ரோல்ஸ், புத்தகம் மாதிரிச் செய்த கேக், நாற்பது ஐம்பது பேர். ராகுலன் விசாரணைக் கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேலே பார்த்து, டேப் ரெக்கோடர் மாதிரி. சனம் கண்ணீர் வரச் சிரித்தது. அவன் கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் அவள் படியிறங்கி வந்ததைக் கண்டும் நிறுத்தவில்லை.

"யோகராணி, ஒருக்காச் சொல்லிக் காட்டுமன்," என்றாள் அருள்நாயகி, அவள் தோளில் கைபோட்டுக்கொண்டு. "சின்னனுகள் பாக்கட்டும், எங்கடை ஆக்களின்ரை ஞாபகசக்தியை." ராகுலன் மேலே ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தான். ஒரு சொல் பிழைத்தாலும் அவுட் என்று பிள்ளைகளிடம் சொன்னான். யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

யோகராணி நின்றாள். முதல் வசனம் தொண்டையில் தயாராக நின்றது. கடைசி வசனம் வரை ஒன்றும் அழிந்திருக்கவில்லை. ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை.

"சிறுநீரகம் முதல்லை எல்லாத்தையும் வெளியிலை போடும்," என்றாள். "நல்லது கெட்டது பாக்காது. தண்ணி, சீனி, உப்பு, எல்லாம். அதுக்குப் பிறகுதான் ஒவ்வொண்டாத் தெரிஞ்சு திருப்பி உள்ளுக்கு எடுக்கும். போட்ட தண்ணியிலை கிட்டத்தட்ட முழுக்கத் திரும்பி வந்திடும். தாகமா இருக்கிற நாளிலை இன்னும் கூட எடுக்கும், உடம்பு கேட்டால் அதுக்குத் தெரியும்..."

ராகுலன் பக்கங்களைப் புரட்டினான். "இது புத்தகத்திலை இல்லை, அன்ரி."

"அவுட்!" என்று பிள்ளைகள் கத்தின.

"பாவம், மறந்துபோனாள்," என்றாள் அருள்நாயகி. யாரோ பாட்டைத் திரும்பப் போட்டார்கள்.

யோகராணி இன்னும் நடுவில்தான் நின்றாள். இரத்தினவேல் வந்து அவள் கையில் ஒரு துண்டு கேக்கை வைத்தான். பிறகு பக்கத்தில் நின்றவரிடம், அவளுக்கும் கேட்கும்படியாகச் சொன்னான்:

"விளங்கிப் படிச்சிருந்தா மறந்திருக்காது."