இறாலைத் தெரியாத பிள்ளைகள்

எங்களை மந்தப் பிள்ளைகள் என்று எழுதியது நீங்கள்தான், ஐயா. அது பொய்.

சண்டைக் காலம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் பள்ளிக்கூடம். கல்லடியிலிருந்து ஒரு டீச்சர் கிழமைக்கு மூன்று நாள் வாவியைத் தோணியில் கடந்து வந்து, எங்கள் பதினான்கு பேருக்கு விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் படிப்பித்தார். வேரையும் இலையையும் பிடுங்கி வந்து மேசையில் பரப்பிவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். எங்களுக்கு விளங்கியது. உதவிப் பணம் தருகிறவர்களுக்காக நீங்கள் வந்து வைக்கும் சோதனையில் நாங்கள் தேறினால் வகுப்பு நிரந்தரமாகும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

நீங்கள் வருமுன் உங்கள் தாள் வந்தது. பேர், வயது, வீட்டில் எத்தனை பேர், யார் கெட்டிக்காரப் பிள்ளை. அப்பா அதை வாசித்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. என் வயதில் இரண்டைக் குறைத்து எழுதினார். எனக்கு அவமானமாக இருந்தது.

சோதனை அன்று காலை அம்மா தலை பின்னிக்கொண்டே சொன்னார்.

“அந்த ஐயா எதைக் கேட்டாலும் தெரியாதெண்டு சொல்லு புள்ள. இங்கிலீசிலயும் தெரியா, தமிழிலயும் தெரியா.”

“பேரக் கேட்டா?”

“பேரையும் மெல்லமாச் சொல்லு.”

சிரித்தேன். பின்னலை ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முதலில் மாமாவின் மகளை, என் மச்சாளைக் கூப்பிட்டீர்கள். மாமா வாவியில் இறால் பிடிக்கிறவர். மச்சாள் விடியவே எழும்பி இறால் உரித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள்; அன்றும் அவள் கையில் அந்த மணம் இருந்தது. நீங்கள் இறால் படத்தைத் தூக்கிக் காட்டினீர்கள். தெரியாது என்றாள். தமிழில் என்ன என்று கேட்டீர்கள். அதற்கும் தெரியாது என்றாள். நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினீர்கள். அடுத்த பிள்ளைக்குத் தோணி தெரியவில்லை. எனக்கு மாட்டைத் தெரியவில்லை. எல்லா வீட்டிலும் அதே கதை சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

டீச்சர் நான் உட்கார்ந்திருந்த வாங்குக்கு வந்து குனிந்தார். “உனக்குமா தெரியா, புள்ள?”



அதற்குப் பிறகு டீச்சர் வரவில்லை. ஒரு கிழமை துறையில் போய் நின்றேன். தோணி வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், டீச்சர் இல்லை. என் வகுப்பைக் கெடுத்தது அம்மாதான் என்று அம்மாவோடு பேசாமல் இருந்தேன்.

பிறகு பல்கலைக்கழகத்தில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். முதல் வருடம் இரண்டு பாடத்தில் விழுந்தேன். நூலகத்தில் உதவிக்குப் புத்தகம் தேடியபோதுதான் உங்கள் ஆய்வு கையில் பட்டது. எங்கள் ஊர் இருந்தது. இறாலும் இருந்தது. சுற்றியுள்ள பொருளைத் தாய்மொழியிலேயே சொல்லத் தெரியாத பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வி வீண், உதவியை வேறிடத்துக்குக் கொடுக்கலாம் என்று முடித்திருந்தீர்கள். அந்தப் பக்கங்களைப் படியெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அம்மா கோபப்படவில்லை. “உங்கக்காட பேரையும் இப்பிடித்தான் ஒராள் வந்து எழுதினவர். படிப்புக்கு உதவி எண்டுதான் சொன்னவர். கெட்டிக்காரப் புள்ளையா எண்டும் கேட்டவர். நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்.”

அக்காவைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனது எனக்குத் தெரியும். சின்ன வயதில், கதிரவெளியில் சித்தி வீட்டில் நின்று படிக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவள் திரும்பாதபோதுதான் உண்மை தெரிந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு தாள் வந்ததும், அதற்கு அம்மா வாயாலே பதில் சொன்னதும் அன்றுதான் தெரிந்தது. பின்னலைப் பிடித்து இழுத்த கை எதற்குப் பயந்தது என்று அன்று சிரித்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

பிள்ளைக்குத் தெரியாது, சரி. நீங்கள் படித்தவர். இன்றும் அந்த ஆய்வைச் சொல்லித்தான் மேடை ஏறுகிறீர்கள். அடுத்த மேடையில், எல்லாருக்கும் முன்னால், இதற்குப் பதில் சொல்லுங்கள்: வாவிக்கரையில் பிறந்த பிள்ளை, கையில் இறால் மணத்தோடு நின்று, இறாலைத் தெரியாது என்று சொன்னபோது, ஏன் என்று எங்கள் ஊரில் ஒருவரிடமாவது கேட்டீர்களா?