கூடக் கொடுக்கும் சிரப்

மெடிக்கல் ரெப் வேலையில் உடம்புக்கு ஒன்றுமில்லாமலே தினமும் டாக்டர் வாசலில் காத்துக்கிடக்க வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பஸ்ஸில் அல்லாடும் சகாக்களே, என் மானம் போன கதையை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

டாக்டர் கேட்டது

சிதம்பரத்தில் ஒரு குழந்தை டாக்டர். நிமோனியா வந்த பிள்ளைக்கு ஆன்டிபயாடிக்கோடு எங்கள் ஜிங்க் சிரப்பையும் எழுதினால் மூச்சுத் திணறல் சீக்கிரம் விட்டுவிடும் என்று ஒப்பித்தேன். கம்பெனி மீட்டிங்கில் மனப்பாடம் செய்த வரி அது. எனக்கே அதில் எவ்வளவு உண்மை என்று தெரியாது.

அவர் பேனாவை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பேதிக்கு நானே ஜிங்க் எழுதுறேன். நிமோனியாவுக்கு உதவுதுன்னு சிலர் சொல்றாங்க, ஒண்ணும் தெரியலன்னு சிலர் சொல்றாங்க. உங்களுக்கு மட்டும் எப்படிங்க சந்தேகமே வரல?"

கடைக்காரர் சொன்னது

மஞ்சக்குப்பத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் ஸ்டாக் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்தார். பையன் ஆன்டிபயாடிக்கைத் துப்பிவிடுகிறானாம், கசப்பாம். ஆரஞ்சு வாசனை அடிக்கிற எங்கள் சிரப்பை மட்டும் வாயைத் திறந்து குடிக்கிறானாம். அதையே இன்னொரு பாட்டில் கொடுங்கள் என்றார்.

அந்தக் கசப்புதான் ஐயா மருந்து, இது கூடக் கொடுப்பதுதான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைக்காரர்தான் கசப்பு மருந்தையும் விடாமல் கொடுக்கச் சொல்லி அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கொழந்தைங்களே கேட்டு வாங்குதுங்க சார், நீங்க வாயத் தொறக்கவே வேணாம்."

செல்வி சொன்னது

என் மனைவியின் தங்கை செல்வி தேவனாம்பட்டினத்தில் இருக்கிறாள். புருஷன் மீன்பிடிக்கப் போட்டில் போகிறவர். இரண்டு வயசுப் பிள்ளைக்கு இருமலும் காய்ச்சலும் என்று போன் செய்தாள். நான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் சீட்டுப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தேன். எங்கள் வீட்டு அலமாரியில் சாம்பிள் சிரப் இருக்கிறது, அக்காவிடம் வாங்கிக் கொடு, நெஞ்சுச் சளிக்கு நல்லது என்றேன். டாக்டரிடம் காட்டு என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள், மூச்சு இழுக்க இழுக்கப் பிள்ளைக்கு விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். நேராக ஆக்ஸிஜன், ஊசி. இரண்டு நாளாக என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். செல்வி முந்தானையில் முடிந்து வைத்திருந்த சாம்பிள் பாட்டிலை எடுத்து நீட்டினாள். யார் கொடுத்தது என்று கேட்டதும் நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். காலடியில் பூமி பிளந்திருந்தால் இறங்கியிருப்பேன்.

அவள் பெருமையாகவே சொன்னாள்: "எங்க மாமாதான் குடுத்தாங்க டாக்டரம்மா. அவுங்க மருந்து கம்பெனியில இருக்காங்க, அவுங்களுக்குத் தெரியாததா?"

மறுபடியும் செல்வி

பிள்ளை பிழைத்தது. ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்து ஓடவும் ஆரம்பித்துவிட்டது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்வி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இருமலாம், அந்த ஆரஞ்சு சிரப் இன்னொன்று இருக்குமா என்று கேட்டாள்.

அலமாரி வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். அது நிமோனியாவைக் குணமாக்காது, ஆன்டிபயாடிக்கோடு கூடக் கொடுப்பதுதான், அதுவும் டாக்டர் பார்த்து எழுதினால்தான், அந்தக் குழந்தையை இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல் என்றேன். எனக்குத் தெரிந்தும் உன்னிடம் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். மடியிலிருந்த பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"இத அன்னிக்கே போன்ல சொல்லியிருக்கலாம் இல்ல மாமா."

பதினோரு வருஷமாகப் பேசியே சம்பளம் வாங்குகிற எனக்கு, டாக்டரிடம் காட்டு என்ற இரண்டு வார்த்தை மட்டும் ஒரு பிள்ளை ஆக்ஸிஜனில் படுத்து எழுந்த பிறகுதான் வாயில் வந்தது.