சினைமீனை மயக்கிய காலை

1997, ஜூன். பெருங்கடவிளை, எங்கள் வீட்டுக் குளம். காலை ஏழு மணி; மழை விட்டிருந்தது. சினைப்பட்ட ரோகு ஒன்றை வலையில் எடுத்தோம். கிராம்பு எண்ணெய் கலந்த தொட்டியில் விட்டோம். மீன் மயங்கியது. ஊசி போடப்படவில்லை.

இதற்கு மேல் அன்று நான் குறிப்பேட்டில் எழுதவில்லை.

குளமும் மீன்களும் என் மனைவியுடையவை. நான் தனுவச்சபுரம் கல்லூரியில் விலங்கியல் கற்பித்துவந்தேன். சேற்றில் இறங்கியவள் அவள். முந்தைய ஆண்டு, முட்டையிடத் தூண்டும் ஊசியைப் போடப் பிடித்தபோது ஒரு பெண்மீன் துள்ளிக் கல்லில் மோதிச் செத்தது. இனி மயக்கிவிட்டுத்தான் தொட வேண்டும் என்று அவள் தீர்மானித்தாள். கிராம்பு எண்ணெய் அதற்கு உதவும் என்று படித்துச் சொன்னது நான். மழைக்கு முன்பே, மே மாதத்தில், அவள் இறந்துபோனாள். மிஞ்சியிருந்த பெண்மீன் ஒன்றே. அதை இழக்காமல் குஞ்சு எடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த ஜூனில் எனக்கு வேறு நோக்கம் இல்லை.

வலை போட வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பதால் அதை ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த சாராயத்தில் கலந்து புட்டியில் குலுக்கிக்கொண்டிருந்தேன். அவர் மோந்து பார்த்தார்.

“சாறே, மீனுக்குப் பல்லுவேதனை உண்டோ?”

“பிடிக்கும்போது துள்ளாமல் இருக்க.”

“எண்ணெயும் ஆச்சு, சாராயமும் ஆச்சு. இனி கொஞ்சம் நல்லமிளகும் போட்டா கறியாக்கும். ஊசியே போடண்டாம்.”

புட்டியைக் கவிழ்த்ததும் தொட்டித் தண்ணீர் வெளுத்தது. சில நிமிடங்களில் மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. வாலைத் தொட்டேன், அசையவில்லை. அப்போதே ஊசி போட்டு நல்ல நீருக்கு மாற்றியிருக்க வேண்டும். நான் செவுளின் அசைவை எண்ணத் தொடங்கினேன். முழு நிமிடம் எண்ணாமல் எதையும் குறிக்கக் கூடாது என்பது மாணவர்களிடம் நான் வற்புறுத்திய விதி. ஆனால் ஒரு நிமிடத்தோடு நிறுத்தவில்லை. மே மாதத்தில் ஒன்பது நாள் கட்டிலருகே அமர்ந்து மூச்சை எண்ணியிருந்தேன். எண்ணிக்கொண்டிருக்கும் வரை நிற்காது என்ற நம்பிக்கை, கற்றவனுக்கு ஒவ்வாதது, எப்படியோ என்னிடம் தங்கிவிட்டிருந்தது.

“சாறே, மதி, போதும்! எடுங்க! செத்துப்போவும் ஆக்கும்!”

செவுள் நின்றிருந்தது. அவரே வாரி எடுத்து, குளத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி, மீனின் வாய்க்குள் நீர் புகும்படி முன்னோக்கித் தள்ளிக்கொண்டே நடந்தார். “போ மக்கா, போ,” என்று அதனிடம் சொன்னார். மூன்றாவது சுற்றில் வால் அசைந்தது. பிறகு அவர் கையைவிட்டு நழுவிப் போயிற்று.

“இனியொரு தடவ பிடிக்கட்டா?” என்று கேட்டார். ஊசி என் கையில் அப்படியே இருந்தது. வேண்டாம் என்றேன்.

அவ்வாண்டு செய்யாமல் விட்டவை:

குஞ்சுகளுக்கென அவள் வெட்டிய சிறு குளத்தில் நீர் நிறைத்தல்.
குஞ்சு கேட்டிருந்த இரண்டு வீட்டாருக்குப் பதில் சொல்லுதல்.
மயக்கும்போது மணி பார்க்க வேறொருவரை ஏற்பாடு செய்தல்.