கியர்பொக்ஸ் ஒயிலைக் குடித்தது யார்?

அரை லீற்றர் ஒயில். என் கையாலேயே அளந்து ஊற்றியது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பைக் ஓடிவிட்டு, அடியில் ஒயிலை வடிக்கிற ஆணியைக் கழற்றிப் பார்த்தால்… ஒரு தேநீர்க் கோப்பைகூட நிறையவில்லை. மிச்சம் எங்கே?

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் பைக்கைத் தெரியும். தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. எழுபதுகளில் செய்த ட்ரையல்ஸ் பைக் அது. வேகமாக ஓடுவதற்கானதல்ல – பாறை, வேர், ஓடைக்கல் என்று மெல்ல மெல்ல ஏறுவதற்கானது. இருக்கை பெயருக்குத்தான், பெரும்பாலும் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். ஞாயிறு காலையில் வெள்ளவத்தையிலிருந்து அவிசாவளைப் பக்கம் போய், ஒரு றப்பர் தோட்டத்துப் பாறைகளில் ஏறி, விழுந்து, எழும்பி வருவேன். ஐம்பத்திரண்டு வயதில் இது தேவையா என்று மனைவி கேட்பார். நியாயமான கேள்விதான்.

இந்த பைக்கில் கியர்பொக்ஸுக்குத் தனி ஒயில். அது குறைந்தால் பற்சக்கரங்கள் தேய்ந்து நாசமாகிவிடும். மாற்றுவதற்குப் புதுப் பற்சக்கரம் லேசில் கிடைக்காது. ஆகவே, சிரிக்காதீர்கள் – எனக்கு இது பெரிய விஷயம்.

போன முறையும் இப்படிக் குறைந்தபோது, முதல் சந்தேகம் கொட்டாஞ்சேனை அலோசியஸ் பாஸ் மேல்தான் வந்தது. பத்து வருடமாக என் பைக்கைப் பார்க்கிற மெக்கானிக். மனுசன் ஊற்றாமலே ஊற்றியதாகச் சொல்லியிருப்பாரோ? அதனால்தான் இந்த முறை நானே போத்தல் வாங்கி, நானே ஊற்றினேன். அதுவும் காணாமல் போய்விட்டது.

சரி, ஒழுகுகிறதா? இஞ்சினுக்குக் கீழே பழைய பத்திரிகையை விரித்து வைத்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தேன். ஒரு பொட்டு இல்லை. தரையும் கண்ணாடி மாதிரி இருந்தது.

ஒழுகவில்லை. ஆனால் குறைகிறது. அப்படியென்றால்?

யாரோ எடுக்கிறார்கள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

எங்கள் ஃபிளாட்டின் பார்க்கிங்கில் ஒரு கமெரா உண்டு. உட்கார்ந்து பார்த்தேன். திங்கட்கிழமை மத்தியானம்… எங்கள் செக்கியூரிட்டி பெருமாள், என் பைக்கின் பின்பக்கம் குந்தியிருக்கிறார். ஒரு கையில் தகர டின். மறுகையில் பழந்துணி. இரண்டு பக்கமும் ஒருமுறை பார்க்கிறார். பத்து நிமிடத்தில் டின்னை எடுத்துக்கொண்டு போகிறார்.

பெருமாளுக்கு ஊர் பொகவந்தலாவைப் பக்கம். மூன்று வருடமாக எங்கள் வாசலில் இருப்பவர். என் பைக் சத்தம் கேட்டாலே கேட்டைத் திறந்துவிடுவார்.

மனைவியிடம் காட்டினேன்.

"ஒருக்கா அவரிட்டக் கேட்டுப் பாருங்கோவன்" என்றார்.

"கேட்டா ஓம் எண்டு சொல்லுவாரோ?"

"இல்லையெண்டு சொன்னாலும் கேக்கிறதுதானே முறை?"

நான் கேட்கவில்லை. அந்த வீடியோத் துண்டை ஃபிளாட் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். "இதைப் பற்றி யாருக்காவது தெரியுமா?" என்று மிகவும் நாகரிகமாக ஒரு வரி. அவ்வளவுதான்!

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஒருவருக்கு ஸ்கூட்டரில் பெற்றோல் குறைந்தது ஞாபகம் வந்தது. இன்னொருவருக்குப் போன வருடம் தொலைந்த குடை. அன்று பின்னேரமே ஃபிளாட் சங்கச் செயலாளர் செக்கியூரிட்டி கொம்பனிக்குப் போன் பண்ணிவிட்டார். மறுநாள் காலை வாசலில் வேறொருவர் நின்றார். பெருமாளிடம் என்ன ஏது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால், உண்மையைச் சொல்கிறேன் – நிம்மதியாகவும் இருந்தது. மறுபடி அரை லீற்றர் ஊற்றினேன். இரண்டு ஞாயிறு ஓடினேன். ஆணியைக் கழற்றினேன்.

பாதிக்கு மேல் காணவில்லை!

கையில் ஒயிலோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெருமாள் இல்லை. இப்போது யார்?

அன்றே பைக்கை ஒரு லொறியில் ஏற்றி கொட்டாஞ்சேனைக்குக் கொண்டு போனேன். அலோசியஸ் பாஸ் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். தார் மாதிரி, கறுப்பாக, ஈரமாக.

"உங்கட கள்ளன் இஞ்சதான் இருக்கான், அண்ணே."

"விளங்கேல்ல."

"கியர்பொக்ஸுக்கும் இஞ்சினுக்கும் நடுவுல ஒரு றப்பர் சீல் இருக்கு. அது வயசு போய்க் காய்ஞ்சிட்டு. ஓடுற நேரம் இஞ்சின் அதுக்குள்ளால ஒயிலை உறிஞ்சி எரிக்குது. எரியாத மிச்சத்தை இதால துப்புது."

"புகை வழமையைவிடக் கூட வரேல்லையே?"

"இது ஒயில் கலந்த பெற்றோல்ல ஓடுற சாமான். எப்பவும்தான் புகைக்கும். உங்களுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?" துணியில் விரலைத் துடைத்தார். "ஆனா பின்னால சுவர் இருந்தா நல்லாத் தெறிச்சிருக்குமே. பாக்கேல்லையா?"

"சுவர் சுத்தமா இருந்ததே."

"அப்ப யாரோ துடைச்சிருக்காங்க" என்றார் அவர், சாதாரணமாக.

கமெராவில் பார்த்தது நினைவுக்கு வந்தது. தகர டின். பழந்துணி.

வீட்டுக்கு வந்து நேரே பார்க்கிங்குக்குப் போனேன். நான் வழமையாக பைக்கை நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால், வெள்ளைச் சுவரில், முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கறுப்பாகத் துளிகள். இரண்டு கிழமைத் துளிகள். சுத்தமாக இருந்தது என்று பாஸிடம் சொன்னேனே, நான் என்றைக்குச் சுவரைப் பார்த்தேன்? பைக்கை மட்டும்தானே பார்ப்பேன்!

அந்தச் சுவருக்கு மறுபக்கம் கீழ்வீட்டு ரீச்சர். வட்ஸ்அப் குழுவில் இல்லாதவர்; மகளைப் பார்க்கக் கண்டிக்குப் போயிருந்தவர் அன்றுதான் திரும்பியிருந்தார். என்னைக் கண்டதும் ஆரம்பித்தார்.

"பாருங்கோ, என்ர புதுப் பெயின்ரை! பெருமாள் இருந்த நேரம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சுப்போடும். ஆள் எங்கே?"

என்ன சொல்ல? குழுவில் நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேர் கும்பிடு போட்டார்கள். மற்றவர்கள் பார்த்ததோடு சரி. செயலாளர் மட்டும் போன் பண்ணி, "வேணுமெண்டா ஆளைத் திருப்பிக் கூப்பிடுவம்" என்றார்.

பெருமாளைக் களனியில் ஒரு துணிக் களஞ்சியத்துக்கு மாற்றியிருந்தார்கள். புறக்கோட்டையில் பஸ் மாறிப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க சார்."

"பெருமாள், நான் பிழை விட்டிட்டன். ஒயிலை இஞ்சின்தான் குடிச்சிருக்கு. நீங்க சுவரைத்தான் துடைச்சிருக்கிறீங்க."

"அட, இஞ்சினேவா?" என்று சிரித்தார். "செவுத்துல கருப்புக் கருப்பா இருக்கேன்னு டீச்சரம்மா ஏசுனாங்க. சார் ஆசையா வச்சிருக்க பைக்காச்சே, சொன்னா சங்கடப்படுவீங்கன்னு நானே தொடச்சுட்டேன்."

"அண்டைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"யாரு சார் கேட்டாங்க?"

சத்தம் உயரவில்லை. கோபமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

"செயலாளரோட கதைச்சிட்டன். நாளைக்கே திரும்பி வரலாம்" என்றேன்.

தலையை ஆட்டினார். "வேணாங்க சார். சம்பளம் ஒண்ணுதான். இங்க பஸ்ஸு ரெண்டு புடிக்கணும், அவ்ளோதான். அங்க வந்தா, நாளைக்கி எது காணாம போனாலும் எல்லாரும் மொதல்ல என்னையத்தான பாப்பாங்க?"

  அவர் தந்த, பால் விடாத பிளேன்ரீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

சீல் மாற்றியாகிவிட்டது. ஒயில் இப்போது ஊற்றியபடியே இருக்கிறது. சுவருக்கும் என் செலவில் பெயின்ற் அடித்தாயிற்று. கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை மூன்றாம் மாடியில் ஒரு சோடிச் செருப்பு காணாமல் போனது. எல்லோரும் புதுச் செக்கியூரிட்டிக்காரரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

நானும்தான்.