அண்ணன் பெயரில் பறந்தவர்

1954 ஏப்ரலில், இரண்டே வாரத்தில் பதினெட்டு முறை ஒரே பள்ளத்தாக்கின் மேல் பறந்தார் ஆதிமூலம். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், ரெட்டியார்பாளையத்து விவசாயக் குடும்பத்தின் இளைய மகன்; வயது பத்தொன்பது. இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றுக்கொண்டிருந்த போரில், குண்டு வீசும் விமானம் ஒன்றின் பின்கூண்டில் இயந்திரத் துப்பாக்கிக்காரர்.

முன்னால் விமானி. நடுவில் குண்டு அடுக்கிய அறை. அதற்கும் பின்னால் தனியாக இவர். காதில் மாட்டிய கருவியில் வரும் குரல்தான் துணை. எதிரியிடம் விமானம் இல்லை. அதனால் சுடுவதைவிடப் பார்ப்பதுதான் அதிகம். மலைச்சரிவில் எங்கே புகை கிளம்புகிறது, எந்தப் பீரங்கி இவர்கள் பக்கம் திரும்புகிறது என்று பார்த்த கணமே சொல்ல வேண்டும். ஒரு நாள் சொல்லி முடிப்பதற்குள் கூண்டின் தரை கிழிந்தது.

"சக்கரபாணி, உயிரோடு இருக்கிறாயா?" என்று விமானி கத்தினார்.

"இருக்கிறேன்" என்றார் ஆதிமூலம்.

சக்கரபாணி அவருடைய அண்ணன். 1951இல் பட்டாளத்தில் சேரப் பதினெட்டு வயது வேண்டும், ஆதிமூலத்துக்குப் பதினாறுதான். அவர்கள் வீட்டில் சட்டையும் சான்றிதழும் அண்ணன் தம்பிக்குப் பொது. தன் பிறப்புச் சான்றிதழை அண்ணனே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

1955இல் ஆதிமூலம் திரும்பியபோது ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியிருந்தது. ஆலையில் நான்கு மாதம், லாரியில் ஒரு வருடம், சினிமாக் கொட்டகையில் ஆறு வாரம். எதிலும் நிற்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் கடைசி இருக்கைக்குப் போய், பின்கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவார். அவருடைய பதக்கம் தபாலில் சக்கரபாணி பெயருக்கு வந்தது. தபால்காரர் அண்ணனுக்கு சல்யூட் அடித்தார். அதிலிருந்து தெருவே பட்டாளத்துக்காரரைக் கூப்பிடுவதுபோல "வாங்க சொல்தா" என்று அண்ணனைக் கிண்டல் செய்தது.

"மாட்டு வண்டி ஆடுனாலே இவுருக்குக் கொமட்டும். ஏரோப்ளேன்ல போயி சண்ட போட்டாராம்!" என்று சிரிப்பார் அண்ணி அஞ்சலாட்சி.

1962 ஆகஸ்டில், புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். அதே சமயத்தில் பழைய படைப்பிரிவின் மெக்கானிக் ஒருவர் பிரான்ஸிலிருந்து கடிதம் போட்டார்: விமானத்தளத்துப் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள், பட்டாளத்துச் சேவைப் புத்தகத்தோடு வா.

சேவைப் புத்தகம் சக்கரபாணி பெயரில் இருந்தது.

"அண்ணே, உன் சான்றிதழ இன்னொரு தடவ குடு. நான் போயிட்டா என் பேர நீ வச்சிக்க."

"டேய், என் பேருலதான்டா பியூன் வேலை. பேப்பர்ல நான் பிரெஞ்சுக்காரனாயிட்டா, கவர்மெண்டு ஆபீஸ்ல எவன்டா என்ன வச்சிக்குவான்?"

"இங்க எனக்கு மூச்சு முட்டுதுண்ணே."

"மொத தடவ நீங்க பேர எடுத்துட்டுப் போனப்ப இவுரு ஒண்டிக்கட்டை" என்றார் அஞ்சலாட்சி. "இப்ப மூணு புள்ளைங்க, கொழுந்தனாரே."

"நீ அங்க செத்திருந்தா எனக்குத்தான்டா கருமாதி பண்ணியிருப்பாங்க" என்றார் அண்ணன். மூவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் சக்கரபாணி எழுந்து உள்ளே போய், சான்றிதழைக் கொண்டுவந்து தம்பியின் முன்னால் வைத்தார்.

ஆதிமூலம் அதைத் தொடவில்லை. மறுநாளே நகராட்சிக்குப் போய்த் தன் பெயரில் ஒரு பிறப்புச் சான்றிதழ் வாங்கினார். அவரிடம் அப்படி ஒன்று இருந்தது அதுதான் முதல் முறை.

நவம்பரில் பிரெஞ்சுத் துணைத் தூதரக வாசலில் வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. வெள்ளை வேட்டிகள், பழைய கோட்டுகள், சட்டையில் பதக்கம் குத்திய கிழவர்கள். இவர் ஒருவர்தான் நின்ற இடத்தில் நிற்காமல் கால் மாற்றிக்கொண்டே இருந்தார். நண்பகலில் மேசைக்கு முன் வந்தார்.

"பெயர்?"

"ஆதிமூலம்."

"படையில் இருந்ததுண்டா?" என்று பிரெஞ்சில் கேட்டார் குமாஸ்தா.

சேவைப் புத்தகம் சட்டைக்குள் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் காட்டினால் பெயர் இடிக்கும். விசாரணை அண்ணன் வேலை பார்க்கும் அலுவலகம்வரை போகும். எடுக்காவிட்டால் பட்டறை வேலை இல்லை. கப்பலேற மட்டுமே வழி.

"இல்லை" என்றார் பிரெஞ்சிலேயே.

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "பேச்சில் பட்டாளத்து வாடை அடிக்கிறதே. யார் கற்றுக்கொடுத்தது?"

"என் அண்ணன்" என்று சொல்லிவிட்டு, ஆதிமூலம் கையெழுத்துப் போட்டார்.